சந்தனம் வைத்த ஒயர்

எங்கள் தெருவில் யார் வீட்டில் கம்ப்யூட்டர் படுத்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். நான் ஒன்றும் அதைப் படித்தவன் இல்லை. சிதம்பரத்தில் ஓர் ஆபீசில் குமாஸ்தா. அங்கே முதன்முதலில் கம்ப்யூட்டர் வந்து இறங்கியபோது பயப்படாமல் முன்னால் உட்கார்ந்தேன், அவ்வளவுதான் என் தகுதி. தெருவுக்கு அது தெரியுமா? "மாமா, ஸ்க்ரீன் கறுப்பா நிக்குது, செத்த வந்துட்டுப் போங்க" என்பார்கள். போனதும் நான் கேட்கும் முதல் கேள்வி, "ஒயரக் கழட்டிப் பாத்தீங்களா?" பாதிக் கோளாறு அதிலேயே தீர்ந்துவிடும். மீதிக்கு, உள்ளே இருக்கும் ரேம் அட்டையைக் கழற்றி, அதன் முனையைப் பிள்ளைகளின் அழிரப்பரால் தேய்த்து மாட்டுவேன். "முனை சுத்தமா இருக்கணும், எல்லாம் அதுலதான் இருக்கு" என்று பிரசங்கம் வேறு. காபி வரும். குடித்துவிட்டு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வருவேன்.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாவம், தெரியாமல் செய்துவிட்டான் என்று பிறகு யாரும் எனக்குப் பரிந்து பேசக் கூடாது.

ரெண்டாயிரத்து ஏழோ எட்டோ, வீட்டுக்கு பிராட்பேண்ட் வாங்கினேன். தெருக் கம்பத்திலிருந்து வரும் டெலிபோன் லைன் ஒரு சின்ன வெள்ளைப் பெட்டிக்குள் போகும். அதிலிருந்து ஓர் ஒயர் போனுக்கு, இன்னொன்று மோடத்துக்கு. அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு மற்றவர்களெல்லாம் மானிட்டர் நெற்றியில் ஒரு பொட்டு வைத்துவிட்டுப் பொரி கடலை சாப்பிடப் போனார்கள். எனக்கு அது போதுமா? போனைத் தவிர அத்தனையையும் கழற்றினேன். துடைத்தேன். கீபோர்டு, மவுஸ், மோடம், ஒவ்வொரு ஒயரின் முனை என்று ஒன்று விடாமல் சந்தனம், குங்குமம். மறுநாள் எல்லாவற்றையும் அப்படியே மாட்டினேன்.

நாலைந்து நாளில் நெட் தடுமாற ஆரம்பித்தது. மோடத்தில் பச்சை விளக்கு வரும், அணையும், மறுபடி வரும். ஐப்பசி மழை வேறு பிடித்துக்கொண்டது. மழைத்தண்ணீர் கம்பத்துப் பெட்டிக்குள் இறங்கியிருக்கும் என்று அங்கேயே தீர்ப்பு எழுதிவிட்டேன். என் மனைவிதான், "அன்னைக்கு ஒயருக்கெல்லாம் பொட்டு வச்சீங்களே, அதுனால ஏதாச்சும்..." என்று இழுத்தாள். "சாமி காரியத்தையா கொற சொல்ற? போய் வேலையப் பாரு" என்றேன்.

புகார் கொடுத்ததும் லைன்மேன் வந்தார். ஏறக்குறைய என் வயதுதான், ஒல்லியான ஆள். பன்னிரண்டு வருஷமாகக் காண்ட்ராக்டில் கம்பம் ஏறுகிறவர். மழையோடு ஏறி, பெட்டியைத் திறந்து, ஜாயின்ட்டைப் புதிதாகப் போட்டுவிட்டு இறங்கினார். தலையைத் துவட்டத் துண்டு கொடுத்தபோது சந்தோஷமாகச் சொன்னார்.

"இந்தத் தடவ பர்மனென்ட் லிஸ்ட்டுல நம்ம பேரும் போவுது சார். மேல ஆபீசர் ஒருத்தர் கையெழுத்துதான் பாக்கி. கம்ப்ளெய்ன்ட்டு இல்லாம இருக்கணும், அவ்ளோதான்."

மறுநாளும் விளக்கு அணைந்தது. மறுபடி வந்தார், மறுபடி ஏறினார். மூன்றாம் தடவை எங்கள் போனை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்துவிட்டு, "டோன் நல்லாத்தான் இருக்குது சார். லைன்ல ஒண்ணும் தெரியல. மோடத்துக்குப் போற ஒயர ஒரு தரம் கழட்டிப் பாக்கட்டுமா?" என்றார்.

"அதெல்லாம் நான் பத்து தரம் பாத்தாச்சு. கம்ப்யூட்டர் பக்கம் நான் பாத்துக்குவேன். உன் வேலை கம்பத்துல."

ஒரு தரம்கூடப் பார்க்கவில்லை. ஊரெல்லாம் ஒயரைப் பார், ஒயரைப் பார் என்று சொன்னவன் என் வீட்டு ஒயரைத் தொடவில்லை. என் வீட்டுக் கம்ப்யூட்டரில் கோளாறு என் பக்கம் இருக்க முடியாது என்று எனக்கு அவ்வளவு நிச்சயம். அதுவரை நீங்க என்று பேசியவன் அன்றைக்கு உன் என்றதும் எனக்கு நினைவிருக்கிறது. அவர் ஏணியை எடுத்துக்கொண்டு போனார்.

நான்காம் தடவை அவர் கம்பத்திலிருந்து இறங்கி வந்ததும் வாசலிலேயே நிறுத்தி, தெருவே பார்க்கக் கத்தினேன். "வேலை தெரியலன்னா தெரியலன்னு சொல்லு. எதுக்குய்யா சும்மா சும்மா ஏறி எறங்குற?" எதிர்வீட்டுக்காரர், "விடு மச்சான்" என்று என் தோளைப் பிடித்தார். நான் விடவில்லை. அன்றைக்கே டெலிபோன் ஆபீசருக்கு ஒரு மனு எழுதினேன். குமாஸ்தா கையாயிற்றே, வாசகம் அட்சர சுத்தமாக வந்தது: மேற்படி ஊழியர் தொழில் அறியாதவர், பொறுப்பற்றவர், இவரை இப்பணியில் வைத்திருப்பது இலாகாவுக்கே இழுக்கு.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெருக்குவதற்காக மேசையை நகர்த்தினேன். மோடத்துக்குப் போகும் ஒயர் வெள்ளைப் பெட்டியிலிருந்து கழன்று என் கையோடு வந்தது. முனையில், மெல்லிய கம்பிகளுக்கு நடுவே, மஞ்சளாகக் காய்ந்து அப்பியிருந்தது சந்தனம். ஓரத்தில் குங்குமமும் இருந்தது. பெட்டியின் துளைக்குள்ளும் அதே கதை. சமையலறையில் மனைவி ஏதோ வதக்கிக்கொண்டிருந்தாள். ஓசைப்படாமல் அழிரப்பரை எடுத்துத் தேய்த்தேன். துளைக்குள் பஞ்சு விட்டுத் துடைத்தேன். மாட்டினேன். பச்சை விளக்கு வந்தது. அதற்குப் பிறகு அது அணையவே இல்லை.

அப்போதும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. மறுநாள் காலை அந்த ஆபீசரே போன் செய்தார்.

"நெட் இப்ப எப்படி சார் இருக்கு?"

"இப்ப பரவால்ல சார்."

"மன்னிச்சுக்குங்க சார். அந்த ஆள லிஸ்ட்டுல சேக்கறதா இருந்தோம். நல்லவேளை, உங்க மனு வந்துச்சு. பேர அடிச்சிட்டு கீரப்பாளையம் பக்கம் கேபிள் பள்ளம் வெட்டுற எடத்துக்கு அனுப்பிட்டோம். இன்னைக்குத்தான் பேப்பர் மேல போவுது. நீங்க வேற எதாச்சும் சொல்லணுமா?"

அவர் கேட்டார். சத்தியமாகக் கேட்டார். தப்பு என்னுடையது சார், ஒயரில் சந்தனம் அடைத்திருந்தது, அந்த மனுஷன் மேல் ஒன்றுமில்லை என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? தெரு சிரிக்கும், ஆபீசில் சிரிப்பார்கள் என்றுதான் என் புத்தி ஓடியது.

"இல்ல சார். தேங்க்ஸ் சார்" என்றேன்.

அடுத்த ஆயுத பூஜைக்கு மனைவி சந்தனக் கிண்ணத்தை என் கையில் கொடுக்கும்போது, "மானிட்டருக்கு மட்டும் வைங்க, போதும்" என்றாள். அப்படியே செய்தேன்.

அதற்கும் இரண்டு வருஷம் கழித்து ஒரு கல்யாணத்துக்குத் துணி எடுக்க இரண்டு பேரும் கடலூரில் திருப்பாதிரிப்புலியூர் போயிருந்தோம். ஜவுளிக்கடை வாசலில் செக்யூரிட்டி உடுப்பில் நின்றவர், "சார், சௌக்கியமா?" என்று சிரித்தார். அவரேதான். இன்னும் ஒல்லியாகியிருந்தார். கோபமாகப் பேசியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் என் மனைவியையும் விசாரித்தார், நெட் நன்றாக வருகிறதா என்று கேட்டார். பிறகு கொஞ்சம் கிட்ட வந்தார்.

"ஒண்ணு கேக்கணும்னே இருந்தேன் சார். அந்த ஃபால்ட்டு எங்கதான் இருந்துச்சு? எவ்ளோ யோசிச்சும் எனக்குப் புடிபடல. லைன் சுத்தமா இருந்துச்சு சார், நாலு தடவையும் பாத்தேன்."

மனைவி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கம்பத்துப் பெட்டியிலதான்" என்றேன். "ஒரு ஜாயின்ட் லூசா இருந்துதாம்."

அவர் தன் வலது கையை ஒருமுறை திருப்பிப் பார்த்தார். "அப்ப என் கைதான் சார். எனக்கும் அப்பவே சந்தேகம், நம்ம கைக்கு வேலை போயிடுச்சோன்னு. அதான் அப்புறம் கம்பம் ஏறுறதையே விட்டுட்டேன்." பிறகு எங்களுக்காகக் கடைக் கதவைத் திறந்து பிடித்தார். நான் நுழைந்தேன். துணியும் எடுத்தேன்.

திரும்பும்போது பஸ்ஸில் மனைவி ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். பஸ் புதுச்சத்திரம் தாண்டியது. பிறகு என்னைப் பார்க்காமலே கேட்டாள்.

"ஏங்க, சந்தனந்தானே அது?"

"ஆமாம்" என்றேன்.

கேட்க வேண்டியவர் கேட்டபோது வாயில் வராத சொல், அவளிடம் எவ்வளவு சுலபமாக வந்துவிட்டது. கண்டக்டர் விசில் அடித்தார், அடுத்த நிறுத்தத்தில் பஸ் நின்றது. கடலூருக்குத் திரும்பும் பஸ் ஒன்று எதிரிலேயே நின்றிருந்தது. இறங்கியிருக்கலாம். துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு நான் சிதம்பரம் வரை உட்கார்ந்தே வந்தேன்.