ராகு காலத்தில் செருகாத ஹார்ட் டிஸ்க்

பட்டுக்கோட்டையிலிருந்து முத்துப்பேட்டை போகும் சாலையில் எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை இருக்கிறது. பெயர்ப்பலகையில் ‘ஆன்லைன் சேவைகள்’ என்றும் போட்டிருக்கிறேன். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட ஒருவன் ஊருக்கே விண்ணப்பம் நிரப்பித் தருவதில் மற்றவர்களைவிட எனக்குத்தான் சந்தேகம் அதிகம். அதனால் எதையும் மூன்று முறை பார்ப்பேன். ஷட்டரைப் பூட்டிவிட்டுப் பாதி வழியில் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பேன். அப்படிப்பட்டவன் கையில்தான் அந்த ஹார்ட் டிஸ்க் வந்து சேர்ந்தது.

கொண்டு வந்தவர் பக்கத்துக் கிராமத்து அக்கா ஒருவர். ஆவணியில் மகளுக்குக் கல்யாணம் முடித்திருந்தார். மருமகனுக்குச் சிங்கப்பூரில் வேலை. பத்தாம் நாளே கிளம்பிவிட்டார். மகள் பின்னால் போக வேண்டும். விசா ஏஜென்ட், வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் கல்யாணப் படம் பத்து வேண்டும், தாலி கட்டும் படம் கட்டாயம் என்று சொல்லியிருந்தார். அக்கா என்னிடம் வந்தது புதன்கிழமை.

“செல்போன்ல யாராவது எடுத்திருப்பாங்களேக்கா, அதையே அனுப்பிடலாமே?”

“எடுக்காமயா? நூறு பேரு எடுத்தாங்க தம்பி. இந்தா, நீயே பாரு.”

பார்த்தேன். எல்லாப் படத்திலும் போட்டோக்காரரின் முதுகு. சிலவற்றில் வீடியோக்காரரின் முதுகும் சேர்ந்திருந்தது. இரண்டு முதுகுக்கும் நடுவே ஒரு மாலையின் ஓரம் தெரிந்தது. அந்த மாலை ஓரத்துக்கு எந்த நாடும் விசா தராது.

போட்டோக்காரருக்குப் போன் போட்டேன். “போட்டோ, வீடியோ எல்லாத்தையும் டிஸ்க்ல போட்டுக் குடுத்துட்டேனேண்ணே. கேமரா கார்டை அடுத்த முகூர்த்தத்துக்கு அழிச்சாச்சு. ஆல்பம் இன்னும் டிசைனுக்கே போவல” என்றார் குஷியாக. ஆக, அந்தக் கல்யாணம் நடந்ததற்கு உலகத்தில் ஒரே சாட்சி இந்த டிஸ்க்.

அக்கா மஞ்சப்பையிலிருந்து அதை எடுத்தார். போன வாரம் ஆயுத பூஜைக்கு அரிவாள், மண்வெட்டி, மோட்டார் கொட்டகைச் சாவி எல்லாவற்றோடும் இதையும் சாமி படத்துக்கு முன்னால் வைத்திருக்கிறார். மேலே மூன்று சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமம். என் கணினியும் அதே கோலத்தில்தான் இருந்தது. என் மனைவி பிரின்டர், லேமினேஷன் மெஷின், ஸ்டேப்ளர் என்று ஒன்றையும் விடவில்லை. பொட்டு வைத்த இரண்டையும் கேபிளால் இணைத்தேன். பார்ப்பதற்கு அதுவே ஒரு நிச்சயதார்த்தம் மாதிரி இருந்தது.

டிஸ்க் திறந்தது. ‘முகூர்த்தம்’ என்ற ஃபோல்டர் தெரிந்தது. நகலெடுக்கச் சொன்ன அரை நிமிடத்தில் திரை அப்படியே நின்றது. பிறகு டிஸ்க் காணாமல் போய், வேறு ஒரு பெயரில் திரும்பி வந்தது. கழற்றிச் செருகினேன்; அதே கதை. மூன்றாவது முறை உள்ளேயிருந்து ‘டிக்’ என்று ஒரு சத்தம். சட்டென்று கையை எடுத்துவிட்டேன்.

“என்ன தம்பி, மூஞ்சி மாறுது?”

“ஒண்ணுமில்லக்கா. கொஞ்சம் மெதுவா வருது. வெச்சுட்டுப் போங்க.”

அவர் போனதும் கணினியின் யூஎஸ்பி வாயை டார்ச் அடித்துப் பார்த்தேன். உள்ளே சந்தனம் காய்ந்து கிடந்தது. கடைக்குப் பின்கட்டில்தான் வீடு. மனைவியைக் கூப்பிட்டேன்.

“பொட்டு வைக்க வேற எடமே கெடைக்கலியா? ஓட்டைக்குள்ளயா வைப்ப?”

“வாசல்லதாங்க பொட்டு வைப்பாங்க. எல்லாம் உள்ள போற வழி அதுதானே?”

கரண்ட்டை நிறுத்திவிட்டு, பல் குத்தும் குச்சி, ஸ்பிரிட், பஞ்சு சகிதம் ஒரு மணி நேரம் சுத்தம் செய்தேன். டிஸ்க்கின் வாயையும் துடைத்தேன். செருகினேன். அரை நிமிடம். நின்றது.

“இப்ப சொல்லுங்க, எங்க சந்தனம் என்ன பண்ணுச்சு?” என்றாள். அன்று எனக்குச் சாப்பாடு போட்ட விதத்தில் அந்தக் கேள்வி இன்னும் இரண்டு முறை இருந்தது.

என் கணினியில் ஓடுவது லினக்ஸ். ஊரில் உள்ள பென் டிரைவ் எல்லாம் வந்து போகும் கடை. முன்பிருந்த சிஸ்டம் வாரம் ஒரு வைரஸ் வாங்கிப் படுத்துக்கொண்டே இருந்ததால் இதற்கு மாறினேன். இதில் ஒரு வசதி, நடப்பதையெல்லாம் சிஸ்டம் தன் குறிப்பில் எழுதி வைக்கும். வியாழக்கிழமை காலையில் அதைத் திறந்து, டிஸ்க் காணாமல் போன நேரத்து வரிகளை அப்படியே எடுத்து இணையத்தில் தேடினேன். எவனோ ஒரு புண்ணியவான் இதே கஷ்டத்தைப் பட்டுத் தீர்வும் எழுதியிருந்தான். ஆங்கிலம். எழுத்துக் கூட்டியும் போனின் மொழிபெயர்ப்பைக் கேட்டும் விஷயத்தைப் பிடித்தேன்.

விஷயம் இதுதான். டிஸ்க்கைச் சுற்றியிருக்கும் டப்பா, தனக்குப் புதிய வேகமான பேச்சுமுறை தெரியும் என்று கணினியிடம் சொல்லிக்கொள்கிறது. கணினியும் நம்பி வேகமாகப் பேசுகிறது. டப்பாவுக்கோ அது அரைகுறை. பெரிய வேலை வந்ததும் திணறி விழுகிறது. எனக்கு அதன்மேல் கோபம் வரவில்லை. பெண் பார்க்கப் போனபோது நானும் பத்தாம் வகுப்பு என்று சொன்னவன்தான்.

தீர்வு, இந்த டப்பாவோடு மட்டும் பழைய முறையிலேயே பேசு என்று சிஸ்டத்துக்கு எழுதிக் கொடுப்பது. டப்பாவுக்கு ஓர் எண் உண்டு: செய்தவருக்கு நாலு இலக்கம், நடுவே ஒரு முக்காற்புள்ளி, சரக்குக்கு நாலு இலக்கம். பார்த்ததும் தைரியம் வந்தது. சர்வே நம்பரும் உட்பிரிவும் மாதிரியே இருந்தது. தினமும் சிட்டாவில் பார்க்கிற சங்கதி. கடைசியில் நஞ்சை, புஞ்சை என்று வகை போடுவது மாதிரி ஒற்றை எழுத்து. ஒரு வரி எழுதிச் சேமித்தேன். ஐந்து முறை சரிபார்த்தேன். ஒரு எண் மாறினால் வேறு யார் டிஸ்க்கின் வேகமோ போய்விடும் என்று பயம்; வேறு யார் டிஸ்க்கும் அங்கே இல்லை.

வெள்ளிக்கிழமை காலை கணினியை ஒருமுறை அணைத்துப் போட்டேன். டிஸ்க்கைக் கையில் எடுத்த நேரம் அக்கா வந்து நின்றார்.

“மணி என்ன தம்பி?”

“பத்து முப்பத்தஞ்சு.”

“அடக் கடவுளே, ராகு காலம்! கீழ வை அத. பன்னெண்டுக்கு மேல சொருவு.”

“அக்கா, இது கம்ப்யூட்டருக்கா. சாயங்காலத்துக்குள்ள அனுப்பணும். நடுவுல கரண்டு போச்சுன்னா?”

“நாள் பாத்து, நேரம் பாத்துப் பண்ணுன கல்யாணம். அத ராகு காலத்துல தொறப்பியா நீ?”

பின்கட்டிலிருந்து குரல் வந்தது. “அக்கா சொல்றதக் கேளுங்க. சந்தனத்தையே சந்தேகப்பட்ட ஆளுதானே நீங்க.”

வைத்தேன். ஒன்றரை மணி நேரம் சும்மா இருப்பது என்னைப் போன்றவனுக்குத் தண்டனை. கை துறுதுறுத்தது. அந்தப் புண்ணியவான் எழுதியதை மறுபடி முதலிலிருந்து கூட்டிப் படித்தேன். எழுத வேண்டிய வரிக்குக் கீழே இன்னும் கொஞ்சம் இருந்தது. அதை நான் முதலிலேயே பார்த்திருந்தேன்; மேடையில் கடைசியாக வருவது போல நன்றியுரை என்று நினைத்து விட்டுவிட்டேன். அது நன்றியுரை இல்லை. எழுதிய வரியைச் சிஸ்டம் எழும்போதே படிக்கும் இடத்தில் சேர்க்க இன்னொரு கட்டளை தர வேண்டும், இல்லாவிட்டால் எழுதியது எழுதியபடி கிடக்கும் என்று இருந்தது. நான் பத்து முப்பத்தைந்துக்குச் செருகியிருந்தால் டிஸ்க் மறுபடி விழுந்திருக்கும். அந்த ‘டிக்’ அதோடு கடைசி ‘டிக்’காகவும் ஆகியிருக்கலாம்.

கட்டளையைத் தட்டி, கணினியை மறுபடி அணைத்துப் போட்டேன். அதுவும் ராகு காலம்தான். ஆனால் அக்கா டிஸ்க்கைப் பற்றித்தான் சொன்னார். ரீஸ்டார்ட் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

பன்னிரண்டு அடித்து ஐந்து நிமிடம் கூடுதலாகவும் விட்டுச் செருகினேன். இந்த டப்பாவின் வேக முறையைக் கண்டுகொள்ளவில்லை என்று சிஸ்டம் தன் குறிப்பில் எழுதியது. படங்கள் மாட்டுவண்டி வேகத்தில் வந்தன. அரை நிமிடம் தாண்டியது. ஒரு நிமிடம். ஐந்து. நான் நாற்காலியில் சாயவே இல்லை.

“பாத்தியா தம்பி? நேரம் பாத்துச் செஞ்சா எப்படி வருது!” என்றார் அக்கா. அவர் சொன்னது தப்பென்று நிரூபிக்க, நான் தப்பு செய்ததை ஒத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

தாலி கட்டும் படத்தைத் திறந்தேன். பெண்ணும் மாப்பிள்ளையும் பளிச்சென்று இருந்தார்கள். பின்னால் சொந்தபந்தம் மொத்தமும் வரிசையாக நின்றது. ஒருவருக்கும் முகம் இல்லை. கழுத்துக்கு மேல் எல்லோருக்கும் செல்போன்.

அக்கா திரைக்கு அருகே வந்து தேடினார். “இதுல நான் எங்க?”

மனைவி எட்டிப் பார்த்தாள். “அந்தச் செகப்பு கவர் போட்ட செல்லு யாருதுக்கா?”

அக்கா தன் மடியிலிருந்ததை எடுத்துப் பார்த்தார். சிவப்பு கவர். கவரை முந்தானையால் துடைத்தார். பிறகு, “போவுது. எம் பொண்ணு மூஞ்சி தெரியுதுல்ல” என்றார்.

மூன்று மணிக்குப் பத்துப் படமும் ஏஜென்ட்டுக்குப் போனது. போதும் என்று பதிலும் வந்தது. சரியாகப் போனதா என்று நான் குனிந்து மூன்றாவது முறையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா சிவப்பு கவர் போனை இரண்டு கையாலும் உயர்த்தித் திரையில் இருந்த தாலி கட்டும் படத்துக்கு நேராகப் பிடித்தார்.

“தம்பி, முதுக கொஞ்சம் நவுத்து.”