சாலமனுக்கு ஐஸ் பெட்டி வேண்டாம்

உப்பளத்தில் மேரிசெல்வியைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் குறைவு. 'பட்டாளம்' என்றால்தான் தெரியும். மரக்காணத்துப் பெண்கள் உப்பு வாரும்போது புடவைக்கு மேல் வீட்டு ஆம்பளைகளின் பழைய சட்டையை மாட்டிக்கொள்வார்கள். மற்றவர்களுக்குப் புருஷன் சட்டை, மகன் சட்டை. மேரிசெல்விக்கு மட்டும் அண்ணன் சாலமனின் பச்சைப் பட்டாளத்துச் சட்டை. கடைசி லீவில் வந்தவன் கொடியில் காயப்போட்டு மறந்துவிட்டுப் போனது. உப்பு எந்தத் துணியையும் விட்டுவைக்காது. அரித்த இடத்திலெல்லாம் ஒட்டுப் போட்டுப் போட்டு, இப்போது அதில் சாலமனின் துணி எது, ஒட்டு எது என்று அவளுக்கே தெரியாது.

லீவு முடிந்து போன அந்த வருஷமே, வடக்கே பனிமலையில் காவலுக்கு நின்ற இடத்தில் பனி சரிந்து அவனை மூடிவிட்டது. தேடினார்கள். உடம்பு கிடைக்கவில்லை. அதற்குக் கொஞ்ச நாள் முன்னால் கடைக்காரர் வீட்டு போனுக்குக் கூப்பிட்டிருந்தான். "குளிருது செல்வி. நம்ம அளத்து வெயில கொஞ்சம் பொட்டலம் கட்டி அனுப்பேன்." அவள் சிரித்தாள். பிறகு அதை நினைக்கும்போதெல்லாம் அந்தச் சிரிப்புத்தான் அவள் நெஞ்சை அறுத்தது.

கல்லறைத் தோட்டத்தில் ஆளில்லாத இடத்துக்கு ஒரு சிலுவை நட்டார்கள். கல்லறைத் திருநாளன்று எல்லோரும் தங்கள் ஆட்களுக்கு மெழுகுவத்தி ஏற்றும்போது அவள் வெறும் மண்ணுக்கு ஏற்றிவிட்டு வருவாள். சாலமன் அங்கே இல்லை என்பது அவளுக்குத் தெரியும். அவன் அளத்துக்குத்தான் வந்தான். உச்சி வெயிலில் வெள்ளைப் பாத்திகள் கண்ணைப் பறிக்கும் நேரம், தூரத்து வரப்பில் தோளைக் குறுக்கி, கைகளை அக்குளில் செருகிக்கொண்டு நிற்பான். "கண்ணு கூசுதுடி, அதான்" என்பாள் கூட வேலை செய்யும் கொளஞ்சியம்மாள். கண் கூசினால் ஆள் தெரியலாம், குரலுமா கேட்கும்? குளிருது செல்வி என்ற அதே குரல். அவளுக்குப் பயம்தான். ஆனாலும் வேலைக்குப் போகாமல் இருந்ததில்லை, அவன் காத்திருப்பானே என்று.

அவனுக்கு வயது ஏறவில்லை, அவளுக்கு ஏறியது. கல்யாணமாகி, பிள்ளை பெற்று, புருஷனையும் பறிகொடுத்தாள். தலை நரைத்தது.

போன ஆவணியில் மகன் பிரபுவுக்கு போன் வந்தது. பனி உருகிய இடத்தில் ஓர் உடம்பு கிடைத்திருக்கிறது, கழுத்துத் தகட்டில் சாலமனின் நம்பர் இருக்கிறது என்று. அவன் சொல்லி முடிப்பதற்குள் மேரிசெல்வி கேட்டது ஒன்றுதான்.

"இத்தினி வருசமும் அதுக்குள்ளயாடா இருந்தான்?"

பெட்டி வந்த அன்று தெருவெல்லாம் ஃப்ளெக்ஸ். வைத்தவர்களின் படம் ஆள் உயரத்துக்கு, சாலமனின் படம் மூலையில் ஸ்டாம்பு அளவுக்கு. அஞ்சலி செலுத்த வந்த பெருந்தலைகளுக்குச் செல்ஃபி எடுக்கவே நேரம் சரியாக இருந்தது. வீட்டு வாசலில் ஷாமியானா போட்டு, கொடி போர்த்திய பெட்டியை நிழலில் வைத்தார்கள். கூட வந்த ஹவில்தார் வேலூர்ப் பக்கத்துக்காரர். வீட்டார் முகம் பார்க்கட்டும் என்று கொடியை விலக்கி மூடியைத் திறந்தார்.

முகம் கறுத்து இறுகியிருந்தது. ஆனால் சாலமன்தான். அண்ணே என்று கூப்பிட வந்த வாய் அப்படியே நின்றது. உள்ளே கிடந்தவன் பிரபுவை விடச் சின்னப் பையன். அவள் கன்னத்தைத் தொட்டாள். சில்லென்று இருந்தது.

அந்த நேரம் பார்த்து டாடா ஏஸில் ஐஸ் பெட்டி வந்து இறங்கியது. பிரபுதான் வாடகைக்குச் சொல்லியிருந்தான். எந்தச் சாவுக்கும் ஊரில் முதலில் சொல்வது அதைத்தானே. வயரை இழுத்து ப்ளக்கை மாட்டியதும் பெட்டி உறுமத் தொடங்கியது.

"நகரும்மா. ஜனம் வந்துனே இருக்குது. உடம்ப இதுக்கு மாத்திட்டா சாயந்திரம் வரைக்கும் தாங்கும்" என்றான் பிரபு.

"வேணாம்டா."

"எல்லாருக்கும் வெக்கிறதுதானேம்மா. அப்பாவுக்கும் இதானே வெச்சோம்?"

"உங்கப்பன் வெயில்ல செத்தான். இவன் குளுருல செத்தவன்டா. எனக்கு நரைக்கிற வரைக்கும் ஐஸ்லயே கெடந்தவன, வூட்டுக்கு வந்த அன்னிக்கும் ஐஸ்லயே வெப்பியா?"

பிரபு குனிந்து ப்ளக்கைப் பிடுங்கினான். உறுமல் அடங்கியது. கூட்டத்தில் யாரோ, உடம்பு கெட்டுவிடும் என்று இழுத்தார்கள். ஹவில்தார் மூடியைப் போட்டு, கொடியைச் சரியாக விரித்தார்.

"நானும் அங்க இருந்தவன்தான். அம்மா எங்க வெக்க சொல்றாங்களோ அங்க வெப்போம்" என்றார்.

"வெயில்ல வையுங்க சாமி."

நிழலிலிருந்து தூக்கி, தெரு நடுவே ஆவணி வெயிலில் வைத்தார்கள். பக்கத்திலேயே உட்கார்ந்து, கொடிக்கு அடியில் கைவிட்டு, பெட்டியின் மரத்தின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டாள் மேரிசெல்வி. வெயில் ஏற ஏற மரம் சூடேறியது. பிறகு சுட்டது. தூக்கும் வரை அவள் கையை எடுக்கவில்லை.

மரியாதைக்குத் துப்பாக்கிகள் முழங்கி, குழியில் இறக்கியபோது மற்றவர்கள் மண் போட்டார்கள். அளத்து அம்பாரத்தில் காய்ந்து சூடேறிக் கிடந்த உப்பைக் கொளஞ்சியம்மாள் கூடையில் கொண்டு வந்திருந்தாள். மேரிசெல்வி அதைத்தான் அள்ளிப் போட்டாள்.

மழைக்காலம் போய், மறுபடி உப்பு விளைந்து, சித்திரையும் வந்தது. உச்சி வேளையில் மேரிசெல்வி வரப்பைப் பார்த்தாள். யாரும் இல்லை. அடுத்த நாளும் பார்த்தாள். அதற்கடுத்த நாள், கண்ணில் நீர் வழிகிற வரை நின்று பார்த்தாள். வரப்பு வரப்பாகவே கிடந்தது.

"இன்னும் ஏன்டி பாக்குற? புள்ள கதகதப்பா தூங்குது" என்றாள் கொளஞ்சியம்மாள்.

மேரிசெல்வி தலையாட்டினாள். உப்பு வாரும் பலகையைக் கீழே போட்டாள். பச்சைச் சட்டையின் பொத்தான்களைக் கழுத்து வரை மாட்டினாள். தோள் குறுக, இரண்டு கைகளையும் அக்குளில் செருகிக்கொண்டாள்.

"என்னா பட்டாளம், இந்த வெயில்லயா?"

"குளிருதுக்கா" என்றாள்.