பாட்டு முடியாமல் இறங்காத ரதி

தேக்கா சந்தையில் தெங்கிரி மீனைத் துண்டு போடச் சொல்லிவிட்டு நின்றிருந்தபோது செய்தி வந்தது. ரதியின் அண்ணன் சிவநேசன் அழைத்தார். "அண்ணே, ரதி போயிட்டா. காலையில ஆறு மணிக்கு" என்றார். நான் "சரி" என்றேன். அதுதான் வாயில் வந்தது. மீன்காரர் தலை வேண்டுமா என்று இரண்டு முறை கேட்டிருக்கிறார். நான் பாட்டுக்கு நடந்திருக்கிறேன். சிராங்கூன் சாலைக்கு வந்த பிறகுதான் கையில் பை இல்லை என்பது உறைத்தது. திரும்பிப் போய் எடுக்கத் தோன்றவில்லை.

செம்பவாங் கப்பல் பட்டறையில் திட்டப் பிரிவில் இருந்த ரதிமலரை உங்களில் பலருக்குத் தெரியும். எந்தக் கப்பல் எப்போது உள்ளே வர வேண்டும், எப்போது வெளியே போக வேண்டும் என்று அட்டவணை போட்டவர். கால் மணி நேரம் பிசகினால் மேலாளரையே நிற்க வைத்துக் கேள்வி கேட்பார். அப்படிப்பட்டவர் காலையில் மட்டும் தினமும் ஐந்து நிமிடம் தாமதமாக வந்தார். ஏன் என்று உங்களில் யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும், ஏனென்றால் நானும் அந்தக் காரில்தான் இருந்தேன். அந்தக் கதையைச் சொல்லாமல் அவருக்கு அஞ்சலி எழுத எனக்கு வராது.

நாங்கள் இருவரும் செங்காங்வாசிகள். ரயிலில் போனால் ஊரைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். அவரிடம் ஒரு பழைய கார் இருந்தது. "சும்மாதானே போறேன், ஏறிக்கங்க அண்ணே" என்றார். ஏழு ஆண்டுகளுக்கு முன் ஒரு திங்கட்கிழமை ஏறினேன். விரைவுச்சாலைக்கு வந்ததும் காலுக்கடியில் தடதடவென்று ஒரு சத்தம். நான் இயந்திரப் பரிசோதகன். முப்பது வருடமாக இரும்பின் சத்தத்தைக் கேட்டே சோறு தின்றவன். எனக்கா தெரியாது? "வண்டிய ஓரமா நிறுத்தும்மா, பேரிங் போயிருக்கு" என்றேன், பெரிய இவன் மாதிரி.

ரதி ஓரம் கட்டினார். விளக்கைச் சிமிட்ட விட்டார். பிறகு ஒரு பொத்தானை அழுத்தினார், சத்தம் நின்றது. மறுபடி அழுத்தினார், சத்தம் வந்தது. "அது ட்ரம்ஸ் அண்ணே. ரெண்டு காலாலயும் அடிக்கிறாரு" என்றார். சிரிக்கக்கூட இல்லை. சிரித்திருந்தால் தேவலை. அசடு வழிய உட்கார்ந்திருந்தேன். மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்குள் அது பட்டறை முழுக்கப் பரவிவிட்டது. இன்றைக்கும் என்னை 'பேரிங்' என்று கூப்பிடுகிறவர்கள் இதைப் படித்துக்கொண்டிருக்கலாம்.

அவர் கேட்டது வட ஐரோப்பாவில் எங்கோ பனி கொட்டும் ஊரிலிருந்து வந்த ஒரு குழு. ஐந்து ஆண்கள், எல்லாருக்கும் தாடி. குழுவின் பெயர் என் நாக்கில் நிற்காது, அதனால் 'உன் அஞ்சு பேர்' என்றே சொல்லிவந்தேன். அந்த வகை இசைக்கு புரோகிரஸிவ் மெட்டல் என்று பெயராம். என் மகள் தேடிப் பார்த்துச் சொன்னாள். என் மனைவி அரை நிமிடம் கேட்டுவிட்டு, தகரக் கொட்டகை சரிகிறது போல இருக்கிறது, அந்தப் பெண் நன்றாகத்தானே இருந்தது என்று கவலைப்பட்டாள். முதல் ஒரு மாதம் நானும் அந்தக் கட்சிதான். ஓசியில் போகிறவன் வாயைத் திறக்கக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

என்னை மாற்றியது அவர் போகிற போக்கில் சொன்ன ஒரு வார்த்தை. "பாட்டுன்னு நினைச்சுக் கேக்காதீங்க அண்ணே. இன்ஜின் ரூம்ல இறங்கி நின்னா எப்படிக் கேப்பீங்களோ அப்படிக் கேளுங்க." சரி, அதையும் பார்த்துவிடுவோம் என்று மறுநாள் கண்ணை மூடிக்கொண்டேன். இயந்திர அறையில் நான் மொத்தச் சத்தத்தைக் கேட்பதில்லை. பம்பைத் தனியாக, சுழல்தண்டைத் தனியாக, காற்றைத் தனியாகக் கேட்பேன். அப்படிக் கேட்டதும் அந்த இரைச்சல் பிரிந்தது. அடியில் பேஸ் கிதார் ஒரே சீராக ஓடுகிறது. மேலே இரண்டு கிதார்கள், ஒன்று ஐந்தாக எண்ணுகிறது, இன்னொன்று ஏழாக. விலகி விலகிப் போய், எல்லாம் குட்டிச்சுவர் என்று நான் முடிவுகட்டுகிற இடத்தில் சரியாக வந்து சேர்கின்றன. ஆளுக்கொரு பக்கம் போகிறவர்கள் தற்செயலாக இப்படிச் சேர மாட்டார்கள். யாரோ உட்கார்ந்து கணக்காகப் பூட்டியிருக்கிறார்கள். அன்றைக்கு எனக்கு உடம்பு சிலிர்த்தது, உண்மையாகவே.

பாடகர் ஏன் இப்படிக் கத்துகிறார் என்பது மட்டும் ஜீரணிக்க முடியவில்லை. ஒருநாள் கேட்டே விட்டேன். ரதி சொன்னார்: "அவர் கோவப்படல அண்ணே. பாரம் தூக்குறாரு." அன்று மதியம் பட்டறையில் ஒரு வால்வை நகர்த்த ஆறு பேர் சேர்ந்து தூக்கினார்கள். அவர்கள் தொண்டையிலிருந்து வந்ததும் அதே சத்தம்தான். அதற்குப் பிறகு பாடகரைப் பற்றி நான் குறை சொன்னதில்லை.

இனி அந்தத் தாமதத்துக்கு வருகிறேன். அந்த ஐவரின் பாட்டுகளில் ஒன்று இருபத்து மூன்று நிமிடம் ஓடும். செங்காங்கிலிருந்து செம்பவாங்குக்கு அதைவிட நான்கைந்து நிமிடம் குறைவு. தினமும் வீட்டுக் கார் நிறுத்துமிடத்திலிருந்து கிளம்பும்போது அதைப் போடுவார். முதல் முறை அது முடிந்ததும் நான் பையை எடுத்துக்கொண்டு கதவைத் திறந்தேன். "இருங்க, இன்னும் இருக்கு" என்றார். ஒரு சத்தமும் இல்லை. அவர் விரல் மட்டும் ஸ்டியரிங்கைத் தட்டிக்கொண்டிருந்தது. ஒன்பது தட்டு. ஒன்பது முடிந்ததும் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் இடித்துக்கொண்டு உள்ளே வந்தார்கள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது, தலையைக் கதவில் இடித்துக்கொண்டேன். அதற்கப்புறம் நான்கு நிமிடம் வருகிற இசைதான் அந்தப் பாட்டின் உயிர். அதுவரை தனித்தனியாக ஓடியதெல்லாம் ஒன்றாகி, கத்திக்கொண்டிருந்தவர் முதல் தடவையாகப் பாடுவார். பட்டறையின் சங்கு ஊதும். எங்கள் கண் முன்னாலேயே எல்லாரும் உள்ளே போவார்கள். ரதி அசைய மாட்டார். "பாட்டு முடியாம இறங்கக்கூடாது அண்ணே. பாதியில எழுந்து போறது பந்தியில பாயசம் வர்றதுக்கு முன்னாடி இலைய மூடுற மாதிரி" என்பார். அட்டவணை போடுகிற பெண், தன் அட்டவணையில் அந்த நான்கு நிமிடத்தை மட்டும் யாருக்கும் விட்டுத்தரவில்லை.

பழக்கம் என்னையும் விடவில்லை. கேலாங் சிவன் கோயிலில் ஒரு திருவிழாவன்று தவில் வாசிப்பு உச்சத்தில் இருந்தது. என்னை அறியாமல் தொடையில் ஏழு ஏழாக எண்ணிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தால் எதிர் வரிசையில் ரதியும் அதே கணக்கில் எண்ணிக்கொண்டிருக்கிறார். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சாமி புறப்பாட்டில் என்ன இளிப்பு என்று என் மனைவி இடித்தாள். ரதியின் அம்மாவும் மகளை முறைத்தார். ரதி திருமணம் செய்துகொள்ளவில்லை, அம்மாவோடுதான் இருந்தார். யாழ்ப்பாணத்து வழிவந்த குடும்பம். அந்த வயதிலும் அம்மாவின் தமிழில் அந்த ஊர் வாசம் போகவில்லை. மகளின் சங்கீதத்தைப் பற்றி அவருக்கு ஒரே அபிப்பிராயம்தான். தினமும் அறைக் கதவைத் தட்டி, சத்தத்தைக் குறை பிள்ளை, குறை என்பார்.

பிறகு அந்த ஐவரே சிங்கப்பூருக்கு வந்தார்கள். ரதி எனக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்தார். ஐம்பத்தேழு வயதில், மகளுடைய கறுப்புச் சட்டையைப் போட்டுக்கொண்டு, பட்டறையில் கொடுக்கும் ஆரஞ்சு நிறக் காதடைப்பானோடு போய் நின்றேன். சுற்றிலும் என் மகள் வயதுப் பிள்ளைகள். ஒரு பையன் எனக்கு நாற்காலி தேடித் தரப் பார்த்தான், எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. இரண்டு மணி நேரம் வாசித்தார்கள். அந்த நீளப் பாட்டை மட்டும் வாசிக்கவில்லை. அதற்காகத்தானே வந்தோம் என்று நான் பொருமினேன். ரதியின் முகத்தில் ஒரு குறையும் இல்லை. "அவங்களுக்கும் வயசாகுது லா" என்றார். வியர்வையில் முடி நெற்றியில் ஒட்டி, அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் பார்த்ததில்லை.

அடுத்த ஆண்டு நோய் வந்தது. என்ன நோய் என்பது உங்களுக்குத் தெரியும், அதை நான் எழுத விரும்பவில்லை. கடைசி மாதம் மருத்துவமனைக்குப் போனபோது ஆளே பாதியாகியிருந்தார். பாட்டு வைக்கட்டுமா என்றேன். தலை வலிக்கும், வேண்டாம் என்றார். பிறகு அவரே பேசினார். "இப்பல்லாம் அந்த அமைதிதான் ஞாபகம் வருது அண்ணே. அந்த ஒன்பது. முடிஞ்சிடுச்சுன்னு எல்லாரும் நினைப்பாங்க. நமக்குத் தெரியும்ல, இன்னும் இருக்குன்னு." பிறகு என் கையைப் பிடித்தார். "எனக்கு அதைப் போடுங்க. முழுசா போடுங்க. பாதியில நிறுத்திடாதீங்க." சத்தியமா போடுறேன் என்றேன். அவர் என்னிடம் வேறு எதையும் கேட்டதில்லை.

அந்தச் சத்தியத்தை நான் காப்பாற்றவில்லை. மழுப்பாமல் சொல்லிவிடுகிறேன்.

மண்டாய் தகனச் சாலைக் கூடத்தில் பாட்டு வைக்க அண்ணன் சம்மதித்தார். உறவினர்கள் பூப்போட வரிசையாக வந்துகொண்டிருக்க, நான் ஓரத்தில் கைப்பேசியோடு நின்றேன். தடதடவென்று ஆரம்பித்ததும் பலர் மேலே குளிர்சாதனத்தைப் பார்த்தார்கள். இருபது நிமிடம் எப்படியோ ஓடிவிட்டது. அமைதி வந்தது. நான் மனதுக்குள் எண்ணத் தொடங்கினேன். முடிந்துவிட்டது என்று நினைத்து, ரதியின் பெரியப்பா கண்ணை மூடிக் கை கூப்பிப் பதிகம் பாட ஆரம்பித்துவிட்டார். தள்ளாத வயது, நடுங்குகிற குரல். கை காட்டி நிறுத்தியிருக்க வேண்டும். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஒன்பதாவது தட்டில் ஐந்து பேரும் அவர் குரலின் மேல் இடியாக இறங்கினார்கள். கூடமே திரும்பி என்னைப் பார்த்தது. நான் பதறிப்போய் அணைத்துவிட்டேன்.

பெரியப்பா பாடி முடித்தார். பெட்டி உள்ளே போனது. கதவு மூடியது. ஏழு வருடம் அவர் யாருக்கும் விட்டுத்தராத நான்கு நிமிடத்தை, பத்துப் பேர் பார்க்கிறார்களே என்று நான் விட்டுக்கொடுத்துவிட்டேன். வெட்கம் கெட்டவன் என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

திரும்பும் பேருந்தில் சிவநேசன் பக்கத்தில் உட்கார்ந்து நடந்ததைச் சொன்னேன், சத்தியத்தையும் சொன்னேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன். அவர் முன்னால் ஓட்டுநர் பக்கம் கையைக் காட்டினார். "பஸ்ல ஸ்பீக்கர் இருக்கு லா" என்றார். ஓட்டுநர் மலாய்க்காரர், நல்ல மனிதர், கைப்பேசியைத் தாமே வாங்கி இணைத்துக் கொடுத்தார். முதலிலிருந்து வைத்தேன். மண்டாயிலிருந்து விரைவுச்சாலை வழியாக, ரதி தினமும் போன பாதையில் ஒரு பகுதியிலேயே, அத்தைகளும் சித்தப்பாக்களும் அந்தத் தடதடப்பைக் கேட்டுக்கொண்டு வந்தார்கள். கூடத்தில் குறைத்து வைத்தது போல இங்கே வைக்கவில்லை.

பேருந்து செங்காங்கில் அவர்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே வந்து நின்றது. கால் கழுவ வாளியில் தண்ணீர் வைத்திருந்தார்கள். ஓட்டுநர் கதவைத் திறந்தார். சரியாக அந்த நேரத்தில் அமைதி வந்தது. அப்பாடா என்று எல்லாரும் எழுந்தார்கள், பையைத் தேடினார்கள், முன்னால் இருந்தவர் படியில் ஒரு காலை வைத்துவிட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் முதல் இருக்கையிலிருந்து ஒரு குரல் வந்தது. ரதியின் அம்மா. அவர் மட்டும் எழவில்லை.

"ஏன் எழும்புறியள்? இருங்கோ. அது இன்னும் முடியேல்லை."

இத்தனை வருடம் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து, குறை பிள்ளை, குறை என்று கதவைத் தட்டிய அம்மா அவர். படியில் கால் வைத்தவர் திரும்பி வந்து உட்கார்ந்தார். மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். பிறகு அது வந்தது. நான்கு நிமிடம், முழுதாக, கதவு திறந்திருக்க, ஒருவரும் இறங்கவில்லை. பாடகர் பாடத் தொடங்கியபோது அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். கடைசிச் சத்தமும் ஓய்ந்த பிறகு, "இப்ப சரி, இறங்குங்கோ" என்றார்.

இப்போது நான் ரயிலில் ஊரைச் சுற்றிக்கொண்டுதான் வேலைக்குப் போகிறேன். செம்பவாங் வருவதற்குள் முடிகிற மாதிரி பாட்டைச் சரியாகத் தொடங்க எனக்கு வரவில்லை, அந்தக் கணக்கெல்லாம் ரதிக்குத்தான் வரும். அதனால் நிலையத்தில் இறங்கி, பாட்டு முடியும்வரை நடைமேடை இருக்கையில் உட்கார்ந்துவிடுகிறேன். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இதுதான்: ஒன்பது தட்டும், அதற்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிற பொறுமையும். சங்கு ஊதிய பிறகு உள்ளே போகிறேன். ஏன் தாமதம் என்று புதிய மேலாளர் போன வாரம் கேட்டார். பாட்டு முடியவில்லை என்றேன்.