திட்டுவதற்கு வேண்டிய மூச்சு

"உங்களால என்ன செய்ய முடியணும், ஆன்ட்டி?" என்று கேட்டாள் மூச்சுப் பயிற்சி கொடுக்கும் மலாய்ப் பெண். சிரம்பான் ஆஸ்பத்திரியில் எங்களை வட்டமாக உட்கார வைத்திருந்தார்கள். எல்லோரும் நுரையீரல் கெட்டுப் பிழைத்து வந்தவர்கள். ஒருவர் கோயில் படி ஏற வேண்டும் என்றார். ஒரு சீனப் பெரியவர் பாசார் சந்தைக்குத் தானே நடந்து போக வேண்டும் என்றார். என் முறை வந்தது.

"என் வீட்டுக்காரரைத் திட்டணும்," என்றேன். அதைச் சொல்லி முடிப்பதற்குள் நடுவில் நின்று மூச்சு வாங்க வேண்டியிருந்தது. எல்லோரும் சிரித்தார்கள். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

என் வீட்டுக்காரர் பெடாஸ் பக்கத்துத் தோட்டத்தில், ரப்பர் ஃபேக்டரியில் உருளை மிஷின் ஓட்டியவர். பிறகு ரப்பர் மரங்களை வெட்டிவிட்டு, எண்ணெய் எடுக்கும் செம்பனை நட்டார்கள், ஃபேக்டரியையும் மூடினார்கள். அதற்குள் அந்த மிஷின் சத்தம் அவர் காதைத் தின்றுவிட்டது. காதுக்கு ஒரு கருவி வைத்துக்கொள்ளுங்கள் என்றால், "எனக்கு நல்லாத்தான் கேக்குது, நீங்கதான் மெதுவா பேசுறீங்க" என்பார். ஊரே மெதுவாகப் பேசுகிறதாம். அவருக்கு எட்டிய ஒரே குரல் என்னுடையது. அடுப்படியிலிருந்து நான் கூப்பிட்டால் கொல்லையில் அவரும் திரும்புவார், பக்கத்து வீட்டு நாயும் திரும்பும்.

எனக்கு நிமோனியா வந்து, தொண்டைக்குள் குழாய் போட்டு, எடுத்து, ஒரு வழியாக வீட்டுக்கு வந்தபோது என் குரல் ஒரு முழம்கூடத் தாண்டவில்லை. சோறு போடட்டுமா என்பேன். "ஆ? இன்னொரு வாட்டி சொல்லு" என்பார். இன்னொரு வாட்டி சொல்ல மூச்சு இருக்காது. எழுதிக் காட்டும்மா என்றாள் மகள். எழுதிக் காட்டியா ஒரு மனுஷனைத் திட்ட முடியும்?

கொஞ்ச நாளில் அவர் கேட்பதையும் விட்டுவிட்டார். எதற்கும் தலையை ஆட்டி "சரி, சரி" என்பார். ஒரு சாயங்காலம் மூச்சு முட்டியது. அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்குப் பயமா இருக்கு" என்றேன். "சரி" என்றவர் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு பெடாஸுக்குப் போய், இரண்டு பாக்கெட் கிரீம் பிஸ்கட் வாங்கி வந்தார். வந்த கோபத்துக்குத் தோட்டமே எரிந்திருக்கும். மூச்சுதான் இல்லை. அழுதுகொண்டே பிஸ்கட்டைத் தின்றேன்.

அதனால்தான் அந்தப் பெண்ணிடம் அப்படிச் சொன்னேன். அவள் சிரித்து முடித்துவிட்டுச் சொல்லிக் கொடுத்தாள். மூக்கால் இழுக்க வேண்டும். உதட்டைக் குவித்து, சூடான தேத்தண்ணியை ஆற்றுவது போல் ஊதி விட வேண்டும். விடும்போதுதான் பேச வேண்டும். "பெலான் பெலான், ஆன்ட்டி. முதல்ல ஒரு வார்த்தை. அப்புறம் ரெண்டு." நிதானமாகத் திட்ட வேண்டுமாம். நான் எந்தக் காலத்தில் நிதானமாகத் திட்டினேன்?

வீட்டில் தினமும் நடக்கவும் சொன்னாள். செம்பனை மரங்களுக்கு நடுவே லாரி போகும் செம்மண் பாதையில் நடந்தோம். நான் களைத்தால் உட்காருவதற்கு ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு அவர் முன்னால் போவார். நான் பின்னால், மூச்சுக்கு ஒரு வார்த்தையாக வருவேன். "மெதுவா." ஓர் ஊதல். "போங்க." இன்னோர் ஊதல்.

"என்னாண்ணே, நாற்காலியோட கெளம்பிட்டீங்க, எங்க லா விருந்து?" என்று கேட்டுக்கொண்டே மோட்டாரில் கடந்து போவான் பக்கத்து வீட்டுக்காரன். அவருக்குக் கேட்காது, ராஜநடையாகப் போய்க்கொண்டிருப்பார். எனக்குக் கேட்கும், பதில் சொல்ல மூச்சிருக்காது. நல்ல ஜோடி.

ஒரு காலை, வழக்கமாக நான் உட்காரும் மதகடியில் அவர் நிற்கவில்லை. என்ன யோசனையோ, நாற்காலியோடு போய்க்கொண்டே இருந்தார். எனக்கு மூச்சு வாங்கியது. முன்பானால் பதறிப்போய் வாயால் மூச்சை அள்ளியிருப்பேன். மதகுச் சுவரைப் பிடித்துக்கொண்டு மூக்கால் இழுத்து, ஊதினேன். மறுபடியும் இழுத்தேன். இந்தத் தடவை ஊதவில்லை.

"உக்கார வேண்டியவ இங்க நிக்கிறா, நாற்காலிய மட்டும் கூட்டிக்கிட்டு எங்க போறீங்க?"

அத்தனையும் ஒரே மூச்சில் வந்தது. அவர் நின்றார். திரும்பி வந்து நாற்காலியை இறக்கிப் போட்டு, கையால் துடைத்தார்.

"ஆ? இன்னொரு வாட்டி சொல்லு."

அவருக்குக் கேட்டிருந்தது. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. நான் உட்கார்ந்து, மூச்சைச் சேர்த்துக்கொண்டு, இன்னொரு வாட்டி திட்டினேன். ஆசையாக இருந்தது. விடுவேனா, பழையதையும் எடுத்தேன்.

"அன்னிக்கி எனக்குப் பயமா இருக்குன்னு சொன்னேன். நீங்க பிஸ்கட் வாங்கிட்டு வந்தீங்க."

அவர் மதகுச் சுவரில் உட்கார்ந்து பாதையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கும் பயமாத்தான் இருந்துச்சு," என்றார். "அதான் ரெண்டு பாக்கெட்."