இங்கே ராமல்லா

நஜ்லா ஹத்தாத் எங்கள் வானொலியில் எட்டு ஆண்டுகளாகப் பெண்கள் நிகழ்ச்சி நடத்திவந்தாள். திராட்சை இலையை உப்பில் போடுவது முதல் குழந்தைக்குப் பால் மறக்கடிப்பது வரை எல்லாம் பேசுவாள். ஆனால் ஊருக்கு அவளைத் தெரிந்தது, நிகழ்ச்சியைத் தொடங்கும் இரண்டு சொற்களால்தான்: "இங்கே எருசலேம்."

1948 ஏப்ரலில் எருசலேம் நகருக்குள் அரபுகளுக்கும் யூதர்களுக்கும் சண்டை வலுத்தது. ஒரு காலையில் இசைத்தட்டுகளையும் மைக்குகளையும் லாரியில் ஏற்றி, எங்களையும் ஒலிபரப்புக் கோபுரம் இருந்த பக்கத்து ஊர் ராமல்லாவுக்குக் கொண்டுபோனார்கள். மாலையில் திரும்பிவிடலாம் என்று நஜ்லா கைப்பையோடு மட்டும் வந்தாள். மதியத்துக்குள் எருசலேமின் கத்தமோன் பகுதியில் இருந்த அவள் வீட்டுக்குப் போகும் சாலை அடைபட்டது. தொலைபேசியும் செத்தது. வீட்டில் அவள் அம்மா உம்மு ஹன்னா தனியாக இருந்தாள்.

எங்கிருந்து பேசினாலும் "இங்கே எருசலேம்" என்றே சொல்ல வேண்டும் என்பது உத்தரவு. அப்படியே சொன்னாள்.

ஐந்தாம் நாள், கத்தமோனில் ரொட்டி வண்டி ஓட்டிய ஈஸா சுற்றுவழியாக நிலையத்துக்கு வந்து சேர்ந்தார்.

"உங்கம்மாவ நீங்கதாம்மா அங்க பிடிச்சு வச்சிருக்கீங்க."

"நானா?"

"தெருவே காலியாகுது. வண்டியில ஏறுங்க, உங்க பொண்ணு ராமல்லாவுலதான் இருக்கான்னு கெஞ்சினேன். ரேடியோவக் காட்டி, 'நீ சொல்றத நம்பவா, அவ வாயால சொல்றத நம்பவா? அவ இந்த ஊர்லதான் இருக்கா, வந்துருவா'ங்கிறாங்க. தினம் ரெண்டு பேருக்குச் சமைக்கிறாங்க."

"அண்ணே, இன்னொரு தடவை..."

"நான் இனி போக முடியாது. நாளைக்கு மத்தியானம் மிச்சமிருக்கிறவங்கள ஏத்திட்டுப் போக, பெத்லகேம்ல இருந்து ஒரு வண்டி உங்க தெருவுக்கு வருது. அதுதான் கடைசி."

நஜ்லா நிலையப் பொறுப்பாளர் ஃபாயிஸிடம் ஓடினாள்.

"ஒரே ஒரு தடவை உண்மையச் சொல்லிக்கிறேன், உஸ்தாத்."

"அந்தப் பேர விட்டா, ஊரையே விட்டுட்டோம்னு அர்த்தம். கேக்கறது உங்கம்மா மட்டுமில்ல."

மறுநாள் பத்து மணி. காகிதம் சலசலப்பது மைக்கில் விழாமலிருக்க, ஒலிக்கருவியைக் கவனித்த நான் அதை மேசையோடு ஒட்டிவைத்தேன். சிவப்பு விளக்கு எரிந்தது.

"இங்கே..." என்றாள். நின்றாள். "இங்கே ராமல்லா."

ஃபாயிஸ் ஒலிபரப்பு அறையின் கண்ணாடிச் சுவரை ஓங்கித் தட்டினார். அவள் திரும்பாமல் திராட்சை இலைக்குப் போய்விட்டாள்.

இரண்டு நாள் ஒரு தகவலும் இல்லை. வாசலில் வண்டிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவள் ஓடிப்போய்ப் பார்த்தாள். மூன்றாம் நாள், தலையணை உறையில் காப்பிப் பாத்திரத்தைச் சுற்றிக்கொண்டு உம்மு ஹன்னா வந்து இறங்கினாள்.

"எட்டு வருஷமா ஒரே பேரு. அதக்கூட ஒழுங்காச் சொல்ல வரலையாடி உனக்கு?"

நஜ்லா அவள் கையை விடாமல் அழுதாள், சிரித்தாள். பிறகு கேட்டாள்: "நம்ம மாடி வீட்டுக்காரங்க உன்கூட வரலையாம்மா?"

"நீ சொன்னதக் கேட்ட உடனே, ரேடியோவே ஊரை விட்டுப் போயிருச்சு, நமக்கென்னன்னு பிள்ளைங்களத் தூக்கிட்டு நடந்துட்டாங்க. வண்டி வர்ற வரைக்கும்கூட நிக்கல. ரோட்டுல குண்டு விழுந்துட்டிருந்துச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் அவங்கள யாரும் பாக்கல."

மறுநாள் சிவப்பு விளக்கு எரிந்தபோது, ஃபாயிஸ் கண்ணாடிக்கு அப்பால் எழுந்து நின்றிருந்தார். நஜ்லா "இங்கே" என்று சொல்லி மூச்சைப் பிடித்தாள். அடுத்த சொல்லை நம்பி யார் உட்கார்ந்திருப்பார்கள், யார் ஓடுவார்கள் என்று அவளுக்குத் தெரியவில்லை.

"எருசலேம்" என்றாள்.

இரண்டு சொற்களுக்கும் நடுவே விழுந்த அந்த இடைவெளி, அவள் வானொலியில் பேசிய கடைசி நாள் வரை போகவில்லை. கேட்டவர்கள் அதை அவள் பாணி என்று நினைத்துக்கொண்டார்கள்.