மொட்டை மாடியில் புதுக் கயிறு

அரியலூர்ல நான் குடியிருந்த மாடி வூட்டு வாசல்ல நாள் பூரா சுண்ணாம்புக்கல் லாரிதான். பால்கனியில துணி போட்டா மாவுல பொரட்டி எடுத்த மாதிரி ஆயிரும். அதை உடுத்திக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு நர்ஸ் வேலைக்குப் போக முடியுமா? அதனால மொட்டை மாடியில, ஓனரம்மா துணி காயுற கயித்துலயே நானும் காயப்போட்டுக்கிட்டிருந்தேன். நல்லாத்தான் பேசுவாங்க. குழம்பெல்லாம் குடுத்து விடுவாங்க.

ஒருநாள் ஆண்டிமடத்துலேருந்து எங்க அம்மா வந்துச்சு. படிக்கட்டுல உக்காந்து, எந்தத் தெருன்னு நைசா கேட்டிருக்காங்க ஓனரம்மா. அம்மாவுக்கு என்ன பயம்? காலனிதாங்க, முந்திரிக் காட்டுக்குக் கூலிக்குப் போறேன்னு பளிச்சுன்னு சொல்லிட்டுப் போயிருச்சு. மறுநாளு மொட்டை மாடிக் கதவுல பூட்டு. கேட்டா, தண்ணி டேங்க் இருக்கு, யாரும் போகக் கூடாதாம். "உங்களுக்கென்ன, சம்பளம் வருது. டிரையர் ஒண்ணு வாங்கிப் போட்டுக்குங்க"ன்னாங்க, சிரிச்சிக்கிட்டே.

எனக்குச் சுருக்குன்னு பட்டுச்சு. ஆனா காலையில டூட்டிக்குக் காஞ்ச துணி வேணுமே, வாங்கினேன். கரண்ட்டு ரொம்ப இழுக்கக் கூடாதுன்னு வாஷிங் மெஷின்ல ரெண்டு தடவை பிழிய விடுவேன். துண்டைத் தனியாப் போடுவேன். வடிகட்டியில சேர்ற பஞ்சை ஒவ்வொரு தடவையும் வழிச்செடுப்பேன். லேசா ஈரம் இருக்கும்போதே எடுத்து ஃபேனுக்கடியில விரிப்பேன். எல்லாம் செஞ்சும் மனசு ஆறல. வெளியில வெயிலு மண்டையைப் பொளக்குது, உள்ளார நான் கரண்ட்டைக் கொளுத்தித் துணி காய வைக்கிறேன். என்ன கூத்து இது!

ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம் டிரையர் ஓடிக்கிட்டிருக்கையில, கீழ அவங்க ஏசியும் மோட்டாரும் சேர்ந்து ஃபியூஸ் போயிருச்சு. ஓனர் மேல ஏறி வந்தாரு. வயரிங் பழசு, இனிமே அந்த மெஷினைப் போடக் கூடாதுன்னாரு. ஓனரம்மா பின்னாடி நின்னாங்க.

"டிரையரும் கூடாது, மாடியும் கூடாது. அப்போ ஈரத்துணியோட டூட்டிக்குப் போகவா சார்? மாடி ஏன் கூடாதுன்னு மட்டும் வாயைத் தொறந்து சொல்லிருங்க" அப்படின்னேன்.

அவரு சம்சாரத்தைப் பாத்தாரு. அந்தம்மா தரையைப் பாத்தாங்க. கொஞ்ச நேரங்கழிச்சு மாடிச் சாவி வந்துச்சு.

அடுத்த ஞாயித்துக்கிழமை மாடிக்குப் போனா, அந்தக் கடைசியில புதுசா ஒரு நைலான் கயிறு. அவங்க துணியெல்லாம் அதுல. பழைய கயிறு மொத்தமா எனக்காம். கீழ இறங்கி வந்து, அன்னிக்கு வந்தப்ப அம்மா விட்டுட்டுப் போயிருந்த சேலையைத் துவைச்சேன், காட்டுல முந்திரி பறிக்கையில பட்ட பால் கறை எத்தனை தடவை துவைச்சாலும் போகாத சேலை. மேல கொண்டு போயி, அந்தப் புதுக் கயித்துல அவங்க துணியை ரெண்டு பக்கமும் ஒதுக்கிட்டு நட்டநடுவுல விரிச்சுப் போட்டு கிளிப் மாட்டினேன்.

நல்ல வெயிலு. சேலை சீக்கிரமே காஞ்சிருச்சு. பொழுது சாயுற வரைக்கும் நான் எடுக்கல.