மெமரி கார்டில் வந்த கதை

கல்வராயன் மலையில் எங்கள் ஊருக்கு சிக்னல் கிடையாது. பள்ளியும் தூரம். ஏழு வயது மகளுக்கு நானே வீட்டில் பாடம் சொல்லித் தருகிறேன். சங்கராபுரம் செல்போன் கடையில் மெமரி கார்டு நிறையக் கதைகள் ஏற்றி வாங்கினேன். “எல்லாம் பசங்க கதைதாங்க்கா” என்றார் கடைக்காரர். இருந்த அலுப்பில் முதல் இரண்டை மட்டும் கேட்டுவிட்டு, போனை மகளிடம் கொடுத்து, மரவள்ளி பிடுங்கப் போனேன்.

திரும்பி வந்தால் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. மழையில் நின்று தட்டினேன்.

“நீ எங்கம்மா இல்ல! கொலகாரன் அம்மா மாதிரியே பேசிக்கினு வருவான்னு கதையில சொன்னாங்க” என்று அழுதாள்.

வெகுநேரம் கெஞ்சி, ஜன்னலில் முகத்தைக் காட்டிய பிறகே திறந்தாள்.

இப்போது கிழங்குத் தோல் சீவிக்கொண்டே ஒவ்வொரு கதையையும் கடைசிவரை கேட்டுவிட்டுத்தான் அவளுக்குத் தருகிறேன். ஆனாலும் நான் கதவைத் தட்டினால், முதலில் ஜன்னலுக்கு வரச் சொல்கிறாள்.